நாட்டை அளந்த லாம்டன்

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு மாணவி

தஞ்சைச் சீமையில் மலை கிடையாது. சுவாமிமலை இருக்கிறதே என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். அது கட்டுமலை, மனிதர் எழுப்பியது. கல்லணையில் பிரியும் காவிரி கடலைச் சேரும்வரை வழியெல்லாம் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும்தான். வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போகும்போது வெகு தூரத்திலேயே மாதா கோவில் கோபுரம் கண்ணில் பட்டுவிடுகிறதல்லவா? இடையில் மறைப்பதற்கு ஒரு குன்றுகூட இல்லை என்பதே அதற்குக் காரணம்.

ஆகவே மலையேறுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கும். அவர்களிலும் ஒரு சாரார் விசித்திரமானவர்கள். உச்சியில் நின்று இயற்கை அழகைக் காண்பது அவர்களுடைய முதல் நோக்கம் அன்று. முன்னொரு காலத்தில் நில அளவைக்காரர்கள் அந்த உச்சியில் விட்டுச் சென்ற அடையாளத்தைத் தேடிப் பிடிப்பதற்காகவே ஏறுகிறார்கள். பிரிட்டனில் 1936-ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே இடுப்பளவுத் தூண்கள் கட்டினார்கள். அவை ஏறத்தாழ 6,500 இருந்தன. அவற்றில் எத்தனையைத் தொட்டோம் என்று கணக்கு வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் ஏறுபவர்கள் அங்கே உண்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஒளித்து வைத்த பெட்டியைச் செயற்கைக்கோள் உதவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று தோன்றியது. அளவைக் குறிகளைத் தேடுவோரையும் அந்த விளையாட்டுக்காரர்களுக்கு உறவினர் என்றே சொல்லலாம்.

நம் நாட்டு மலைகளில் அந்தக் குறி வேறு விதமாக இருக்கும். பாறையில் ஒரு சிறிய வட்டம், அதன் நடுவே ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆடு மேய்ப்பவர்கள் அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். அந்தப் புள்ளிகளை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கோடுகளால் இணைத்துப் பார்த்தால் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை வரை ஒரு பெரிய முக்கோணச் சங்கிலி எழும். அந்தச் சங்கிலியைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. அவருடைய வாழ்க்கையிலேயே மிகக் கடினமான ஆறு வாரங்களுக்குக் காரணமான நிகழ்ச்சி எந்த மலையிலும் நடக்கவில்லை. மலையே இல்லாத நம் தஞ்சாவூரில், பெரிய கோவிலில் நடந்தது.

லாம்டன் இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்‌ஷயரில் 1750-களில் பிறந்தார். குடும்பம் வசதியானதன்று. ஆனால் கணக்கில் அவருக்கு இருந்த ஆர்வத்தைக் கண்டவர்கள் அவரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1781-ல் படையில் சிறு அதிகாரியாகச் சேர்ந்தார். அமெரிக்க மக்கள் விடுதலைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கடல் கடந்து போன லாம்டன் யார்க்டவுனில் சிறைப்பட்டார். போர் முடிந்ததும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே எல்லை அளக்கும் வேலை கிடைத்தது. பிறகு படைவீரர் குடியிருப்புகளை மேற்பார்வை செய்யும் பணி. ஏறத்தாழ 13 ஆண்டுகள் அந்தக் குளிர்நாட்டிலேயே கழிந்தன. பதவி உயர்வு இல்லை, பெயரும் இல்லை. கணித நூல்களும் வானநூல்களும்தான் துணை. அங்கே இருக்கும்போது சூரிய கிரகணம் ஒன்றைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உற்று நோக்கினார். இடக்கண்ணின் பார்வை கெட்டுப்போயிற்று. பின்னாளில் பல மைல் தொலைவில் எரியும் விளக்கைத் தொலைநோக்கியில் பார்த்துக் கோணம் குறிக்கும் வேலையை வாழ்க்கையாகக் கொண்டவர், அதை ஒற்றைக் கண்ணால்தான் செய்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தபோது லாம்டனும் வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னர் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவரே. 1799-ல் திப்பு சுல்தான் மீது கம்பெனிப் படை சென்றது. அந்தப் படையெடுப்பின்போது ஓர் இரவு தளபதி பெயர்டின் தலைமையில் ஒரு படைப்பிரிவு இருட்டில் நடந்துகொண்டிருந்தது. தாங்கள் முகாமை நோக்கித் திரும்புகிறோம் என்றே எல்லோரும் நம்பினார்கள். லாம்டன் மட்டும் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்களின் நிலையைக் கொண்டு, படை எதிரியின் பாசறையை நோக்கியே போகிறது என்று கண்டு தளபதியிடம் சொன்னார். தளபதிக்கு நம்பிக்கை வரவில்லை. திசைகாட்டியைக் கொண்டுவரச் செய்து பார்த்த பிறகுதான் வழி திரும்பினார். யாரும் பொருட்படுத்தாத ஓர் அதிகாரியின் பெயர் மேலதிகாரிகளின் காதில் விழுந்தது அப்போதுதான்.

மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் மாண்டார். மைசூர் நாடு கைக்கு வந்ததும் அதற்கு வரைபடம் தேவை என்று கம்பெனி எண்ணியது. காலின் மெக்கன்சி அந்த நாட்டின் ஊர்களையும் ஆறுகளையும் குறித்து வரையத் தொடங்கினார். லாம்டன் கேட்டதோ வேறு. கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்களால் நாட்டை அளக்க வேண்டும். அதன் வழியாகப் பூமியின் வடிவத்தையே கண்டறிய வேண்டும் என்றார். பூமி சரியான உருண்டை அன்று, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பது அன்றே தெரியும். எவ்வளவு தட்டை என்பதுதான் கேள்வி. ஓர் அட்சரேகை டிகிரியின் நீளம் நிலநடுக்கோட்டின் அருகே சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தின் அருகே சுமார் 111.7 கிலோமீட்டர். அந்தச் சிறு வேற்றுமையைப் பிடிப்பதற்குத் தென்னிந்தியா மிகவும் ஏற்ற இடம் என்று அவர் கணித்தார்.

சென்னையில் இருந்த நிதிக் குழுவினருக்கு இது விளங்கவில்லை. ஒருவருக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அதற்கு வரைபடம் எதற்கு என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள். வெல்லெஸ்லியின் ஆதரவும் சென்னை கவர்னரின் ஒப்புதலும் இருந்ததால் வேலை தொடங்கிற்று.

தொடங்கிய இடம் நம்மில் பலர் யாத்திரை போயிருக்கும் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் மலைக்கு அருகேயுள்ள சமவெளியில் முதல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார்கள். நீளம் ஏழரை மைல். அளந்த கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாகப் பிரிட்டிஷ் தூதர்கள் கொண்டு போனது அது. பேரரசர் அதைப் பொருட்படுத்தவில்லை. திரும்பி வந்து கல்கத்தாவில் கிடந்ததை லாம்டன் வாங்கிக்கொண்டார்.

நம் ஊர் சர்வேயர் வயலில் சங்கிலி பிடிப்பது போல அவர் தரையில் இழுத்துப் போட்டுவிடவில்லை. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டமாக வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மூடி, பக்கத்தில் வெப்பமானிகள் வைத்து அளந்தார். எதற்கு இவ்வளவு பாடு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு கூடினால் 100 அடி எஃகு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் ஏழரை மைலுக்குச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை வைத்தெடுக்க வேண்டும். அப்படியானால் கடைசியில் ஒன்றரை மீட்டர் தவறு. சித்திரை வெயிலில் காலைக்கும் நண்பகலுக்கும் 10 டிகிரி வேறுபாடு சாதாரணம். ஆகவேதான் ஏழரை மைலை அளக்க எட்டு வாரம் ஆயிற்று.

அடிக்கோடு முடிந்த பிறகு சங்கிலிக்கு ஓய்வு. இனிமேல் கோணம்தான் பேசும். பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணக் கணக்குப் படிக்கும் நமக்கு இது கடினமன்று. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடியாகக் கொள்ளலாம். இப்படியே முக்கோணத்தின் தோள்மேல் முக்கோணமாக ஏறிக்கொண்டே போகலாம். ஆற்றையும் காட்டையும் கால் படாமல் தாண்டலாம். சில முக்கோணங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கில் வந்த நீளமும் அதுவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால், நாம் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரி என்று மனப்பாடம் செய்கிறோம். லாம்டனுக்கு அது சற்றுக் கூடுதலாக வர வேண்டும். பூமி வளைந்திருப்பதால், பக்கம் ஒவ்வொன்றும் 30 கிலோமீட்டர் உள்ள முக்கோணத்தில் சுமார் 2 வினாடி கூடும். இந்த வினாடி கடிகாரத்தின் வினாடி அன்று. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

அவ்வளவு நுட்பமாகக் கோணம் பார்க்கும் கருவிக்குத் தியோடலைட் என்று பெயர். லாம்டனுடையதை லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தார். குறுக்களவு 36 அங்குலமுள்ள வட்டம், மேலே தொலைநோக்கி, மொத்தம் அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சுக் கவர்னர் அது இன்னதென்று உணர்ந்து, மரியாதையுடன் சென்னைக்கே அனுப்பி வைத்தார். போர்க்காலத்தில் எதிரிக்கு இப்படி ஒரு மரியாதை செய்திருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சென்னையிலிருந்து மேற்கே முக்கோணங்கள் நகர்ந்து மங்களூர்க் கடலைத் தொட்டன. அப்போது தெரிந்தது, இரு கரைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 360 மைல் என்று. அதற்கு முந்திய வரைபடங்கள் 400 மைல் என்று காட்டின. 40 மைல் நிலம் காகிதத்திலிருந்து மறைந்துபோனது! கேள்வி கேட்டவர்கள் ஓரளவு அடங்கினார்கள்.

வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இந்நாட்டவரே. சென்னையில் நில அளவைப் பயிற்சி பெற்ற ஜோஷுவா டி பென்னிங் போன்ற இளைஞர்கள் சிறு வயதிலேயே லாம்டனிடம் சேர்ந்து, கணக்கில் அவருக்கே வலக்கரமானார்கள். அவர்களுக்கும் கீழே கொடிக்காரர்களும் கலாசிகளும் இருந்தார்கள். ஒரு மலையில் லாம்டன் தியோடலைட்டுடன் காத்திருக்க, 30, 40 மைலுக்கு அப்பால் இன்னொரு மலையில் இவர்கள் கொடியோ விளக்கோ பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நிற்க வேண்டும். புலி உண்டு, காய்ச்சல் அதைவிடக் கொடியது. மாண்டவர்கள் பலர். லாம்டனின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் அவர்களுடைய பெயர்களைச் சொல்வதில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

ஊர்மக்களுக்கும் சந்தேகம் இருந்தது. மலையுச்சியில் ஏறி நின்று குழாய் வழியாக ஊரைப் பார்க்கிறானே, வீட்டுப் பெண்களைப் பார்க்கிறானோ என்ற அச்சம். அந்தத் தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரியும் என்ற செய்தி பரவியபோது கலக்கம் இன்னும் கூடிற்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்நியப் படை அதிகாரி ஒருவர் எதற்காக நம் ஊரை அளக்கிறார் என்ற கேள்வி நியாயமானதுதான். வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குப் படை நடத்துவதும் வரி வாங்குவதும் எளிது. லாம்டனுக்குப் பூமியின் வடிவம் வேண்டியிருந்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனிக்கு நாடு வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே தியோடலைட்டின் வழியாகத்தான் நடந்தன.

கோயம்புத்தூர்ப் பக்கத்தை முடித்துக்கொண்டு லாம்டன் கிழக்கே திரும்பிக் காவிரி டெல்டாவுக்கு வந்தார். அதுவரை அவருக்கு மலைகள் தாமாகவே மேடை போட்டுக் கொடுத்தன. இங்கே எங்கு திரும்பினாலும் தென்னையும் பனையும் மூங்கிலும் மறைத்தன. தரையில் நின்றால் அடுத்த ஊர்கூடத் தெரியாது. அவர் கோபுரங்களின் மேல் ஏறினார். அதைவிட வேறு வழி இல்லை. நம் முன்னோர் சாமி கும்பிடக் கட்டியவை, அந்தச் சமவெளியில் மலைகளின் வேலையையும் செய்தன.

அவற்றுள் உயர்ந்தது பெரிய கோவிலின் விமானம். இராசராச சோழன் 1010-ல் கட்டி முடித்தது. 200 அடிக்கும் மேற்பட்ட உயரம். சமவெளியில் அத்தனை உயரத்தில் நின்றால் கணக்குப்படி ஏறக்குறைய 29 கிலோமீட்டர் வரை தரையே தெரியும். எதிர்ப்புறத்திலும் 150 அடிக் கோபுரம் ஒன்று இருந்தால், இரண்டு உச்சிகளும் 50 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துகூட ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளலாம். அப்போது தஞ்சையில் இருந்த மன்னர் இரண்டாம் சரபோஜி. நாட்டின் ஆட்சியைக் கம்பெனி 1799-லேயே வாங்கிக்கொண்டுவிட்டது. கோட்டையும் அதைச் சார்ந்தவையும் மட்டும் மன்னரிடம் எஞ்சின. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவரும் விஞ்ஞானக் கருவிகளில் ஆசை கொண்டவருமான அந்த மன்னரின் ஊருக்கு, உலகின் மிக நுட்பமான கருவிகளில் ஒன்று 1808-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தது.

விமானத்தின் உச்சிக் கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று நம் ஊரில் பாட்டிமார் கதை சொல்வார்கள். லாம்டனுக்குச் சாரம் கட்ட நேரமில்லை. அவர் கயிற்றையும் கப்பியையும் நம்பினார். அரை டன் கருவியைப் பெட்டியில் வைத்து, மேலிருந்து ஒரு கயிற்றால் தூக்கினார்கள். விமானத்தின் புறச்சுவர் சிற்பங்கள் நிறைந்தது; பெட்டி அதில் இடிக்காமல் இருக்க, கீழே சிலர் வேறொரு கயிற்றைப் பிடித்துப் பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி உயர உயர அந்தப் பக்கக் கயிற்றின் இழுப்பு அதிகமாயிற்று. திடீரென்று அது அறுந்தது. பிடிப்பில்லாத பெட்டி ஊஞ்சல்போல் வீசிப் போய்க் கருங்கல் சுவரில் மோதியது. பெட்டி உடைந்தது. உள்ளே கருவியின் வட்டம் வளைந்துவிட்டது.

வட்டம் வளைந்தால் என்ன ஆகிவிடும்? 36 அங்குல வட்டத்தின் சுற்றளவு சுமார் 113 அங்குலம். அதில் கோணத்தின் ஒரு நிமிடத்துக்குக் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. ஒரு வினாடிக்கு அதிலும் அறுபதில் ஒரு பங்கு. தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு சிறியது. ஒரு நிமிடம் தவறினால் 30 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரம் 8 மீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். அந்தத் தவறு அடுத்த முக்கோணத்துக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. வளைந்த கருவியோடு தொடர்ந்திருந்தால் முக்கோணங்கள் எல்லாம் காகிதத்தில் அழகாகவே இருந்திருக்கும். ஆனால் பொய்யாக இருந்திருக்கும்.

புதிய கருவி வேண்டுமானால் லண்டனுக்கு எழுத வேண்டும். கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரவே ஐந்தாறு மாதம் ஆகும். கருவி செய்து வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். ஏற்கெனவே அதிருப்தியில் இருந்த நிதிக் குழுவுக்கு நல்ல சாக்குக் கிடைத்ததாகும். லாம்டனின் வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அவர் உடைந்த கருவியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனார். கருவி பழுதுபார்க்கத் தெரிந்த சில கைவினைஞரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். பெரிய மரப்பலகையில் வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில் சரியாக ஒரு வட்டம் வரைந்தார். வளைந்த வளையத்தை அதன்மேல் வைத்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, உள்ளே அமுங்கிய இடங்களை மெல்ல மெல்ல வெளியே இழுத்தார். ஒரே இழுப்பில் இழுத்தால் பித்தளை வெடிக்கும். கொஞ்சம் இழுத்து, கோட்டோடு ஒத்துப் பார்த்து, மறுபடியும் இழுக்க வேண்டும். மையத்திலிருந்து வளையத்துக்குப் போகும் ஆரச் சட்டங்களைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் இது நடந்தது. முடிவில் வட்டம் ஏறக்குறையப் பழைய வட்டமாயிற்று. கருவி வேலைக்குத் திரும்பியது.

இந்த வரலாற்றை நமக்கு விட்டுச் சென்றவர், பின்னாளில் அவருக்கு உதவியாளராக வந்த ஜார்ஜ் எவரெஸ்ட். எளிதில் யாரையும் பாராட்டாத மனிதர் அவர். லாம்டன் செய்த பல காரியங்களில் குறை கண்டிருக்கிறார். ஆனால் இந்த ஆறு வார வேலையை வியந்துதான் சொல்கிறார். உடைந்ததை மறைக்க லாம்டன் முயலவில்லை, யாரையும் பழி சொல்லிக்கொண்டு உட்காரவும் இல்லை. தஞ்சாவூர்க்காரியான எனக்கு அதில் ஒரு சிறு ஆறுதலும் உண்டு. கயிறு பிடித்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்களாகத்தானே இருந்திருப்பார்கள்?

அதன் பிறகு முக்கோணங்கள் வேகமாகத் தெற்கே இறங்கின. 1809-ல் திருநெல்வேலிச் சீமையைக் கடந்து, கன்னியாகுமரிக்கு அருகே முடிந்தன. லாம்டன் வடக்கே முகம் திருப்பினார். கூத்தி, பீதர் என்று நிஜாம் நாட்டுக்குள் ஏறினார். 1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. பாரிஸ் அறிவியல் கழகமும் சிறப்புச் செய்தது. 1818 ஜனவரி முதல் நாள் இந்த அளவை கல்கத்தாவில் இருந்த மத்திய அரசின் நேர்ப்பார்வைக்கு மாறி, இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்றது. எவரெஸ்ட் உதவியாளராக வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். கோதாவரிக் காடுகளில் வேலை செய்த குழுவைக் காய்ச்சல் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சாய்த்தது. எவரெஸ்டே உடல் தேற நன்னம்பிக்கை முனைக்குப் போக வேண்டியதாயிற்று. லாம்டன் எங்கும் போகவில்லை. இந்தியாவுக்கு வந்த நாள் முதல் ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாதவர் அவர்.

1823 ஜனவரியில் ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குக் கிளம்பினார். வயது எழுபதை நெருங்கிவிட்டது, இருமல் விடவில்லை. வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில், கூடாரத்திலேயே இறந்தார். அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். இன்று அந்த ஊர் மகாராஷ்டிரத்தின் வர்தா மாவட்டத்தில் இருக்கிறது.

எவரெஸ்ட் வேலையைத் தொடர்ந்தார். கங்கைச் சமவெளியில் அவருக்கும் தஞ்சையில் லாம்டனுக்கு வந்த சங்கடமே வந்தது. அங்கே அவர் 50 அடி உயரத்துக்குச் செங்கல் கோபுரங்களைப் புதிதாகக் கட்டிக்கொண்டார். 1840-களின் தொடக்கத்தில் முக்கோணச் சங்கிலி முசூரிக்கு அருகே இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர். அந்த அளவைகளின் தொடர்ச்சியாகத்தான் 1852-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித மேதை, பதினைந்தாம் சிகரம் என்று குறித்திருந்த மலையே உலகில் உயர்ந்தது என்று கணக்கிட்டார். 1856-ல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. 30 அடிதான் வேறுபாடு. மலைக்கு எவரெஸ்டின் பெயரை வைத்தார்கள். அதை எவரெஸ்டே விரும்பவில்லை. சிக்தாரின் பெயரில் சிகரம் இல்லை. லாம்டனின் பெயரையும் உலகம் மறந்தது.

1802-ல் நடந்த அளவையின் இருநூறாவது ஆண்டை ஒட்டி, பரங்கிமலையில் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை ஒன்று வைத்தார்கள். படிகள் ஏறி, புனித தோமையாரின் ஆலயத்தில் ஜெபித்துவிட்டு, விமான நிலையத்தில் விமானம் இறங்குவதைப் பார்க்க ஓடும் அவசரத்தில் நம்மில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டோம். தஞ்சாவூர்ச் சுவரில் மோதிய தியோடலைட் பிறகும் பல்லாண்டு உழைத்தது. 1830-களில் அதற்குப் புது வட்டம் பொருத்திச் செப்பனிட்டார்கள். அது டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.